வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் பணம் திரட்டுவது எப்படி: மதுரை வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

செல்லம்பட்டி, சேடபட்டி, கொட்டாம்பட்டி ஒன்றியங்களின் கிராமங்களில் நடந்து பார்த்தால், பேஸ்மட்டத்தோடு நின்றுபோன வீடுகளும், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) வரை எழும்பிக் கம்பி துருவேறிக் கிடக்கும் சுவர்களும் கண்ணில் படும். அரசு ஆணை கைக்கு வந்த பிறகும் வேலை நின்றுபோனதற்குக் காரணம் கேட்டால், பெரும்பாலான குடும்பங்கள் "பணம் பத்தவில்லை" என்றே சொல்லும். கொஞ்சம் துருவிக் கேட்டால், பணத்தின் அளவைவிட அது வந்த வரிசையே சிக்கலாக இருந்தது தெரியவரும். அரசு மானியம் என்பது வேலை முடிந்த பிறகு, கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் ஏறும் பணம். முதல் வண்டி மணலுக்கும் முதல் வாரக் கூலிக்கும் அது உதவாது. அந்த இடைவெளியை எந்தப் பணத்தால் நிரப்புகிறோம் என்பதில்தான் வீடு முடிவதும் கடனில் முழுகுவதும் தீர்மானமாகிறது. ஆகவே இந்த வழிகாட்டி திட்டங்களின் பட்டியலாக அமையாமல், எதை முதலில் செய்வது, எந்தப் பணத்தை எந்தக் கட்டத்தில் தொடுவது என்ற வரிசையில் எழுதப்பட்டுள்ளது.

முதல் வேலை: மனை யார் பெயரில் இருக்கிறது?

மானியமானாலும் கடனானாலும் கேட்கப்படும் முதல் காகிதம் பட்டா. கிராமங்களில் பெரும்பாலான வீட்டு மனைகள் கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில் இருப்பவை. அவற்றுக்கு நத்தம் பட்டா உண்டு. ஆனால் அந்தப் பட்டா தாத்தாவின் பெயரிலோ, நான்கு சித்தப்பா பெரியப்பாக்களின் பெயரில் கூட்டுப் பட்டாவாகவோ இருப்பதுதான் வழக்கமான நிலை. வீட்டுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலில் பெயர் வந்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடுவதைவிட, பெயர் வருவதற்கு முன்பே வாரிசுச் சான்று பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவுடன் பட்டா மாறுதல் கேட்டுவிடுவது நல்லது. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட் போன்ற பத்திரங்களுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று வரம்பு இருக்கிறது. சிறிய மனைக்கு இந்த வரம்பை எட்டும் அளவுக்குச் செலவு வருவதில்லை.

மனையை விலைக்கு வாங்குபவர்கள் பத்திரச் செலவையும் வீட்டுச் செலவின் பகுதியாகவே எழுத வேண்டும். இப்போது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், சொத்து மாற்றத்துக்கான கூடுதல் தீர்வை 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் 9 சதவீதம் ஆகிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வீடு பெண்ணின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருப்பது முன்னுரிமையாக எதிர்பார்க்கப்படுவதால், தொடக்கத்திலேயே பெண் பெயரில் எழுதுவது இரண்டு வகையிலும் லாபம்.

புறம்போக்கில் குடியிருப்பவர்கள் இரண்டு வகை. ஆட்சேபம் இல்லாத புறம்போக்கில் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு வரன்முறைப்படுத்திப் பட்டா தர வழி உண்டு. சென்னையைச் சுற்றியுள்ள, பெல்ட் பகுதி எனப்படும் வட்டாரத்திலும், மதுரை, நெல்லை உள்ளிட்ட மாநகராட்சிகளிலும், பிற நகரப் பகுதிகளிலும் இப்படி 86,000 பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. கண்மாய், ஊருணி, வாய்க்கால் கரைகளில் இருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது. மதுரையில் கண்மாய் இல்லாத திசை இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: நீர்நிலைப் புறம்போக்கில் சொந்தப் பணத்தைப் போட்டுக் கான்கிரீட் வீடு கட்டுவது, நாளை இடிக்கப்படப் போகும் வீட்டில் சேமிப்பைப் புதைப்பதாகும். அப்படிப்பட்ட குடும்பங்கள் மாற்று மனைப் பட்டாவுக்கோ நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புக்கோ மனுக் கொடுப்பதே சரி.

இரண்டாவது: கொத்தனாரைக் கேட்டுக் கணக்குப் போடுதல்

திட்டத் தொகைக்கு ஏற்ப வீட்டை யோசிக்கும் குடும்பங்கள் குறைவு. வீட்டை யோசித்துவிட்டுத் தொகையைத் தேடுபவர்களே அதிகம். 360 சதுர அடி வீடு ஒன்றுக்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 7.20 லட்சம் ரூபாய் ஆகிறது. அதில் 3.50 லட்சம் அரசிடமிருந்து வந்தாலும் 3.70 லட்சம் துண்டு விழுகிறது. உங்கள் ஊர் விலையை உங்கள் ஊர்க் கொத்தனாரிடமும் கம்பி, சிமெண்ட் கடையிலும் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். துண்டு விழும் தொகையைக் காகிதத்தில் பார்த்த பிறகு, முன்னறையை இரண்டு அடி குறைப்பதா, மாடிப்படியைப் பிற்பாடு கட்டுவதா என்று முடிவு செய்வது எளிது. வானம் (அடித்தளக் குழி) தோண்டிய பிறகு அந்த முடிவை எடுக்க முடியாது.

கணக்கை நான்கு துண்டாகப் பிரித்து எழுதுங்கள்: பேஸ்மட்டம் வரை, அங்கிருந்து லிண்டல் வரை, தளம் போடும் வரை, பூச்சும் கதவும் மின்சாரமும் சேர்ந்த முடிவு வேலை. அரசுத் தவணைகளும் ஏறக்குறைய இதே கட்டங்களில்தான் வருகின்றன என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே எந்தப் பணம் என்று எழுதிவிடலாம்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கான மானியம்

மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஊராட்சி எல்லைக்குள் மனை இருந்தால் அணுக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலகம். இரண்டு பெரிய திட்டங்கள் அங்கே நடைமுறையில் இருப்பவை.

ஒன்று, 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். தமிழ்நாட்டில் கூரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும் என்பதற்காக மாநில அரசு தனியாக 1.20 லட்சம் சேர்த்துத் தருவதால் கட்டுமானத் தொகை 2.40 லட்சம் ஆகிறது. இதற்கு மேல் கழிப்பறைக்கு 12,000 ரூபாயும், ஊரக வேலைத் திட்டத்தின் வழியாக 90 மனித நாள் கூலியும் சேரும். இந்தக் கூலியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலை அட்டை இல்லாததும், வருகைப் பதிவு எடுக்கும் நாளில் வேலையிடத்தில் ஆள் இல்லாததுமே காரணம். சொந்த வீட்டுக்குச் செய்யும் வேலைக்குக் கூலி கிடைக்கிறது என்பதை நம்பவே சிலருக்கு நாளாகிறது.

இத்திட்டம் 2028-29 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பயனாளிகள் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து தேர்வாகிறார்கள். 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்காக 2018-லும், மீண்டும் 2024 முதலும் கூடுதல் கணக்கெடுப்பு செயலி வழியாக நடத்தப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாமல் மனு மேல் மனு எழுதிப் பயனில்லை. பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை ஊராட்சிச் செயலரிடம் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மற்றொன்று, 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது என்ற இலக்குடன், முதல் ஆண்டில் ஒரு லட்சம் வீடுகளுக்கு 3,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம். மொத்தப் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம், மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையும் போடலாம். இது குடிசையில் வசிப்பவர்களுக்கான திட்டம். ஓட்டு வீட்டுக்காரர் கேட்டால் கிடைக்காது. வேறு இடத்தில் கான்கிரீட் வீடு வைத்துக்கொண்டு தோட்டத்துக் குடிசையைக் காட்டினாலும் கிடைக்காது. சிமெண்டும் கம்பியும் ஒன்றியத்தின் வழியாக வழங்கப்படும்போது அவற்றின் விலை தவணையில் கழிக்கப்படும் என்பதால், கைக்கு வரும் ரொக்கம் 3.50 லட்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இந்தக் கழிவை முன்கூட்டியே கணக்கில் எழுதாதவர்கள் இரண்டாம் தவணை வந்ததும் திகைக்கிறார்கள்.

காட்டுநாயக்கர் போன்ற, மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட சமூகத்தினருக்கு 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் தனியாக உண்டு. அங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் சாதிச் சான்று.

தேர்வுப் பட்டியல் கிராம சபையில் வைக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்று போய் உட்கார்ந்து, பட்டியலை வாசிக்கச் சொல்லி, உங்கள் பெயரோ உங்கள் தெருவில் உண்மையிலேயே குடிசையில் இருக்கும் குடும்பத்தின் பெயரோ விடுபட்டிருந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பும் வழக்கத்தால் இழப்பவை அதிகம்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லையில்

2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது, பல பழைய ஊராட்சிகள் நகருக்குள் வந்தன. அந்த ஊர்களின் மக்கள் இன்றும் சில சமயம் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு கொண்டுபோகிறார்கள். நகர எல்லைக்குள் இருந்தால் உங்களுக்கு உரியது 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம்.

இதில் நான்கு பிரிவுகள் உண்டு. சொந்த மனை உள்ளவர் தாமே வீடு கட்டுவது முதற்பிரிவு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டின் உட்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர் வரை இருக்கலாம். ஒன்றிய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு குறைந்தது 1 லட்சமும் தருகின்றன. மனை இல்லாதவர்களுக்கு அரசோ தனியாரோ கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பங்கு பெறுவது இரண்டாம் பிரிவு. வாடகைக் குடியிருப்பு மூன்றாவது. கடன் வட்டிக்கான மானியம் நான்காவது. நாட்டில் எங்குமே சொந்தக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டுகளில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் பயன் பெற்றிருக்கக் கூடாது என்பவை பொது நிபந்தனைகள். அரசு முன்பு கட்டித் தந்த தொகுப்பு வீட்டைத் தந்தை வாங்கியிருந்தால் மகனுக்குத் தடை வருமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. திருமணமான மகன் தனிக் குடும்பமாகவே கருதப்படுகிறார். ஆனால் குடும்ப அட்டை பிரியாமல் இருந்தால் அலுவலகத்தில் வாதாட வேண்டியிருக்கும். அட்டையைப் பிரிக்க ஆகும் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடி வீடுகளைக் கட்டி ஒதுக்குவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறியது. மதுரையில் இராஜாக்கூர்க் குடியிருப்பை எல்லோரும் அறிவர். வீட்டின் விலையில் பெரும்பகுதியை அரசுகள் ஏற்க, மிச்சத்தைப் பயனாளி கட்டுகிறார். அந்தப் பங்குத்தொகைக்கு வங்கிக் கடனும் ஏற்பாடு செய்யப்படுவதுண்டு. ஒப்புக்கொள்வதற்கு முன்பு ஒருமுறை காலை ஏழு மணிக்கு அந்தக் குடியிருப்பிலிருந்து உங்கள் வேலையிடத்துக்குப் பேருந்தில் போய்ப் பாருங்கள். மாட்டுத்தாவணிச் சந்தையில் விடியற்காலையில் சுமை இறக்குபவருக்கும், அண்ணா நகரில் நான்கு வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் மாதப் பேருந்துச் செலவு ஒரு சிறு கடன் தவணைக்குச் சமமாகிவிடும். வீட்டு விலையில் அது எழுதப்பட்டிருக்காது.

நகர எல்லையில் கட்டட அனுமதி இல்லாமல் வங்கி கடன் தராது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாத, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையம் வழியாகவே அனுமதி பெறலாம். சிறு வீடு கட்டுபவருக்கு இது உண்மையான சலுகை. பழைய முறையில் அனுமதிக்காக அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனி வழி

ஊருக்கெல்லாம் வீடு கட்டும் கொத்தனாரும் சித்தாளும் கூரைக்குக் கீழே மழைநீர் பிடிக்கும் பாத்திரம் வைத்திருப்பது நம் வட்டாரத்தில் புதிதல்ல. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தொடர்ந்து பதிவு வைத்திருப்பவர், சொந்த மனை இருந்து கான்கிரீட் வீடு இல்லாதவர் என்றால், 4 லட்சம் ரூபாய் வரை வீட்டுவசதி உதவி கேட்கலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் இங்கே அதிகம் தவறவிடுகிறார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு அரசு மானியம் கிடைக்காது என்பதால், எது முதலில் கிடைக்கும், எது அதிகம் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தவணைக்கும் தவணைக்கும் நடுவே

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். பணி ஆணை வந்துவிட்டது. வானம் தோண்டி, கருங்கல் போட்டு, பேஸ்மட்டம் எழுப்பி, மண் நிரப்ப வேண்டும். இவ்வளவும் முடிந்து, ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து, இடக் குறியீட்டுடன் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே முதல் தவணை வரும். ஒன்றியத்தில் ஒரே பொறியாளர் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார். அவர் வருவதற்கே நாட்கள் ஆகலாம். பட்டியல் மேலே போய்ப் பணம் இறங்க மேலும் நாட்கள் ஆகும். அதற்குள் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். போனவரைத் திரும்பப் பிடிப்பது தனி வேலை.

இந்த நேரத்தில்தான் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், ஆண்டுக்கு 60 சதவீதம். 2 லட்சம் ரூபாய் வாங்கினால் மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டுமே. அசல் அப்படியே நிற்கும். அதே 2 லட்சத்தை 9 சதவீத வட்டியில் பத்தாண்டு வங்கிக் கடனாக வாங்கினால் அசலும் வட்டியும் சேர்த்தே மாதத் தவணை சுமார் 2,535 ரூபாய்தான். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தும் அந்தத் தொழில் நடக்கிறது என்றால், அவசரத்துக்குப் பணம் தருவதில் வங்கியைவிட அவர் வேகமாக இருப்பதே காரணம். அந்த அவசரத்தை முன்கூட்டியே இல்லாமல் செய்துவிடுவதுதான் நம் கையில் இருப்பது.

எப்படி என்றால், பணி ஆணைக்கு முன்பே பேஸ்மட்டச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதற்கு ஏற்ற முதல் இடம் மகளிர் சுயஉதவிக் குழு. குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன், வங்கி இணைப்புக் கடன் இரண்டுமே சொத்துப் பிணை இல்லாமல் கிடைப்பவை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் 1990-இல் தொடங்கியவை. வீட்டுச் செலவுக்குக் கடன் எடுத்துப் பழகிய பெண்கள் அவற்றில் ஏராளம். வீட்டுத் திட்டத்தில் பெயர் வரும் என்று தெரிந்ததும், குழுவில் உங்கள் கடன் முறை எப்போது வருகிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இடம் கூட்டுறவு வங்கியின் நகைக்கடன். காதில் கழுத்தில் இருப்பதை வைத்துப் பேஸ்மட்டம் எழுப்பி, முதல் தவணையில் பாதியை நகைக்குக் கட்டி, மிச்சத்தில் சுவர் எழுப்புவது பல குடும்பங்கள் வெற்றிகரமாகச் செய்த வழி. நகையை மீட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில்தான் ஆபத்து.

கடையில் பொருளைக் கடனாக எடுப்பதும் கடன்தான். வழக்கமான கடைக்காரர் வட்டி என்று எழுத மாட்டார். மூட்டைக்கு நாற்பது ஐம்பது கூட்டி எழுதுவார். ரொக்க விலையை வேறு கடையில் கேட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பருவமும் பணக் கணக்கில் சேர்ந்ததே. ஆடியில் வேலை தொடங்க மாட்டோம், மார்கழியில் நிலை வைக்க மாட்டோம் என்ற வழக்கம் உள்ள குடும்பங்கள், பணி ஆணையில் உள்ள காலக்கெடுவைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் செங்கல்லும் நனைந்து வேலை நிற்கும். அந்த இரு மாதமும் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். தையில் தொடங்கி ஆனிக்குள் தளம் போட்டுவிடுவது நம் வட்டாரத்துக்கு ஒத்துவருகிறது.

வங்கிக் கடனும் வட்டி மானியமும்

மானியத்துக்குப் பிறகும் துண்டு விழும் தொகைக்கு நீண்ட காலக் கடனே ஏற்றது. 30 லட்சம் வரையான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவர்களைப் பொதுத்துறை வங்கிகள் தயக்கத்துடன் பார்ப்பது உண்மை. பூக்கடை, இட்லிக்கடை, தறி போன்ற தொழில் செய்பவர்கள் ஓராண்டாவது தினசரி வரவை ஒரே வங்கிக் கணக்கில் போட்டு எடுத்து வந்தால், அந்தக் கணக்குப் புத்தகமே சம்பளச் சீட்டாகப் பேசும். தனியார் வீட்டுக்கடன் நிறுவனங்கள் எளிதாகத் தருகின்றன. வட்டி பல புள்ளிகள் கூடுதலாக இருக்கும், செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று கழித்துக்கொண்டே தருவார்கள். கையெழுத்திடுவதற்கு முன்பு, கைக்கு வரும் தொகை எவ்வளவு, மொத்தம் திருப்பிக் கட்டுவது எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நகர்ப்புறத் திட்டத்தின் வட்டி மானியப் பிரிவு, ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு உரியது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டு வரையான காலத்துக்கு, 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் சேரும். 2024 செப்டம்பர் 1-க்குப் பின் அனுமதிக்கப்பட்ட கடனாக இருக்க வேண்டும். கடன் வாராக்கடனாகாமல் நடப்பில் இருக்க வேண்டும், மானியம் வரும் நேரத்தில் அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளால், கையில் பணம் வந்ததும் அவசரப்பட்டுக் கடனை அடைப்பவர் பிந்தைய தவணைகளை இழப்பார். மனைக்காரருக்கான 2.50 லட்சத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது.

வருங்கால வைப்பு நிதி பிடித்தம் உள்ள மில் தொழிலாளர்களும் நிறுவன ஊழியர்களும், வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் அந்த நிதியிலிருந்தே பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை; ஆனால் முதுமைக்கான பணம் அது என்பதால், கடைசியாகத் தொட வேண்டிய பணமாகவே நான் அதைக் கருதுகிறேன்.

பழைய வீட்டைக் காப்பாற்றுதல்

புது வீட்டுக்கு இருக்கும் அளவு திட்டங்கள் பழுதுக்கு இல்லை. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் தொகுப்பு வீடுகளில் பல, தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிய நிற்கின்றன. அரசுத் திட்டங்களில் 2000-01-க்கு முன் ஊரகப் பகுதிகளில் கட்டப்பட்ட இவ்வகை வீடுகளில் 2.50 லட்சத்தைச் சீரமைக்க 2024-இல் 2,000 கோடி ரூபாயில் ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சீரமைக்க முடியாத அளவுக்குச் சிதைந்தவற்றில் 25,000 வீடுகளை 600 கோடி ரூபாயில் இடித்துக் கட்டுவதற்கு 2025-26 நிதிநிலை அறிக்கை இடம் தந்தது. பொறியாளர் வீட்டைப் பார்த்துச் சிறு பழுது, பெரும் பழுது என வகைப்படுத்துவதைப் பொறுத்தே தொகை அமையும். அவர் வரும் நாளில் வீட்டில் ஆள் இருந்து, மழையில் ஒழுகும் மூலையையும் விரிசலையும் காட்ட வேண்டும். வெயில் நாளில் வெள்ளையடித்த வீட்டைப் பார்ப்பவருக்கு ஒழுகல் தெரியாது.

முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் 1998-இல் திறக்கப்பட்டது நம் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில்தான். அத்தகைய குடியிருப்புகளின் வீடுகளுக்குத் தனிச் சீரமைப்பு நிதிகள் அவ்வப்போது வருகின்றன. ஊராட்சி ஒன்றியத்தில் கேட்டறியலாம்.

சொந்தப் பணத்தில் கட்டிய ஓட்டு வீடு, காரை வீடு ஆகியவற்றைப் பழுதுபார்க்க நேரடி மானியம் ஏதும் கிடையாது. வங்கியின் வீடு பழுதுபார்ப்புக் கடன், சுயஉதவிக் குழுக் கடன், வைப்பு நிதி ஆகிய மூன்றுமே வழி. பழைய வருமான வரி முறையில் இருப்பவர் பழுதுபார்ப்புக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். உத்தரமும் சுவரும் நன்றாக இருக்கும் பழைய வீட்டை ஓடு மாற்றி, சரத்தை மாற்றிக் காப்பாற்றுவதற்கு ஆகும் செலவு, அதை இடித்துக் கட்டுவதில் சிறு பங்குதான். கொத்தனாரிடம் கேட்டால் இடிக்கவே சொல்வார், தச்சரையும் ஒருமுறை கேளுங்கள்.

அடுக்குமாடிகளில் வேறு சிக்கல். எல்லிஸ் நகர் போன்ற இடங்களின் பழைய குடியிருப்புகளில், கட்டடத்தை இடித்துக் கட்ட ஒருவர் மறுத்தாலும் மொத்தமும் நின்றுவிடும் என்பதே பலரின் எண்ணம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் இருந்தால் மறுமேம்பாடு செய்ய வழிவிடுகிறது. பணம் பெரும்பாலும் கட்டுநரிடமிருந்து வருகிறது: கூடுதலாகக் கட்டும் வீடுகளை அவர் விற்றுக்கொள்கிறார், பழைய உரிமையாளர்களுக்குப் புது வீடு தருகிறார். கட்டும் காலத்துக்கான வாடகையை யார் தருவது, எத்தனை மாதத்துக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் யாரும் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

குழுவாகக் கட்ட நினைப்பவர்களுக்கு

நெசவாளர் சங்கமோ தொண்டு நிறுவனமோ முப்பது நாற்பது வீடுகள் கட்ட நினைத்தால் நிதியின் பெயர்கள் மாறும், சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவு பெற்ற கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பு வழியாகக் கடன் பெறலாம். ஒன்றிய அரசின் வீட்டுவசதிக் கடன் நிறுவனமான ஹட்கோ 1970 முதல் வீட்டுத் திட்டங்களுக்குக் கடன் தருகிறது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன்கள் மாநில அரசுக்கும் வாரியத்துக்கும் வருபவை என்பதால் சங்கங்கள் நேரே கேட்க முடியாது. பெரிய நிறுவனங்கள் சட்டப்படி சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியிருப்பதால், அதற்குரிய பதிவு உள்ள தொண்டு நிறுவனம் அந்தப் பணத்தைக் கேட்கலாம். மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி தனியார் வீட்டுக்குக் கிடைக்காது. ஆனால் அந்த முப்பது வீட்டுக்கான சாலை, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டிக்குக் கேட்கலாம். வீட்டுச் செலவிலிருந்து அவ்வளவும் குறையும்.

தவணை வராமல் நின்றால்

புகைப்படம் பதிவேறிய நாளைக் குறித்து வையுங்கள். சில வாரங்கள் கடந்தும் பணம் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பது. பாதிக்கு மேற்பட்ட தடங்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அதற்கும் அசையாவிட்டால், திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு அந்த ஒப்புகையின் நகல், பணி ஆணை, கட்டிய வரையிலான புகைப்படங்கள் ஆகியவற்றுடன் போகலாம். தவணையை விடுவிக்க யாரேனும் பங்கு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு முன்கூட்டியே தெரிவிப்பதே சரியான வழி.

வீடு முடிந்து கடைசித் தவணை வந்ததும் மூன்று வேலைகள் பாக்கியிருக்கும்: வீட்டு வரி ரசீதை உங்கள் பெயரில் போடச் சொல்வது, மின் இணைப்பைத் தற்காலிகக் கட்டுமான இணைப்பிலிருந்து வீட்டு இணைப்புக்கு மாற்றுவது, நகையை மீட்பது.